ஆறே கால் படகு

பட்டர்வொர்த் துறையில் இன்னும் விடியவில்லை.
மோட்டார் சைக்கிள்களுக்குப் பின்னால்
நானும் சவரியும் ஏறுகிறோம்.
செவ்வாய், வியாழன், சனி.
அக்கரையில் நான்கு மணி நேரம்
இயந்திரம் அவர் இரத்தத்தை அலசித் தரும்.

நாளுக்கு அரை லிட்டர்தான் தண்ணீர்.
மாத்திரைக்கும் கோப்பிக்கும்
வறண்ட நாக்குக்கும் அதற்குள்ளேயே.
சுற்றிலும் இத்தனை கடல்.
பிளாஸ்கில் கொண்டுவந்த ஐஸ் துண்டை
நற்கருணை போல அவர் நாவில் வைக்கிறேன்.
பல் படாமல் கரையவிடுகிறார்.

ஆண்டவரே, ஒன்று சொல்லிவிடுகிறேன்.
போன மாதம் முழுக்க உம்மோடு நான் பேசவில்லை.
புக்கிட் மெர்தாஜாமில், அன்னம்மாள் திருவிழாவில்
வாங்கிய மெழுகுவர்த்தியை
உமக்கு ஏற்றாமல்
கரண்ட் போகும் நாளுக்கென்று
இழுப்பறையில் போட்டுவைத்தேன்.

நேற்றிரவு கரண்ட் போனது.
அந்த வெளிச்சத்தில்தான்
இந்த வாரத்து மாத்திரைகளை எண்ணினேன்,
வெள்ளை, மஞ்சள், பாதியாய் உடைத்தது.
விளக்கு வந்த பிறகும்
அதை ஊதி அணைக்கக் கை வரவில்லை.
ஏன் என்று கேட்காதீர்.

இப்போது என் தோளில் தூங்குகிறார்.
படகு ஆடுகிறது.
நீரும் ஒருநாள் இப்படித்தான்
தலையணை வைத்துத் தூங்கினீராம்,
அலை உள்ளே ஏறியபோதும்.
கத்தி எழுப்பியவர்களை நான் குறை சொல்லமாட்டேன்;
மூன்று வருடமாய் நானும் அதைத்தானே செய்கிறேன்.

இன்று எழுப்பவில்லை.
தூங்கும்.
நடுக்கடலில் இறங்கிப் போகாமல்
இருந்தீரென்றால் சரி.

கயிறு வீசுகிறார்கள். படகு ஒருமுறை இடித்து நிற்கிறது.
எழும்புங்க சவரி,
ஜெட்டி வந்துடுச்சு.