எண்பதுக்குக் கீழே

ஹிக்கின்சன் ஹைவேயில் காலை ஆறு நாற்பது.
முன்னால் ஒரு மினிபஸ் டாக்சி
கை காட்டிய இடத்தில் எல்லாம் நிற்கிறது.
அதன் பின்னால் நான்
டாங்கின்மேல் கவிழ்ந்து கிடக்கிறேன்,
கடன் கேட்கப் போனவன் மாதிரி.

அறுநூறு சிசி. இரண்டாம் கை.
பைன்டவுனில் ஒரு பல் வைத்தியரிடம் வாங்கியது.
முதுகு ஒத்துக்கொள்ளவில்லை என்று
சொல்லித்தான் விற்றார்.
அப்போதே உறைத்திருக்க வேண்டும்:
பகல் முழுக்க அடுத்தவர் வாய்க்குள் குனிகிறவர்
இனிமேல் குனிய முடியாது என்கிறார்.

இதைச் செய்தவர்கள்
பந்தயத் தடத்தை நினைத்துச் செய்திருக்கிறார்கள்.
அங்கே ரோபோ கிடையாது.
(சிக்னலுக்கு எங்கள் ஊரில் அதுதான் பெயர்.)
ஸ்கூல் பிள்ளைகள் கிடையாது,
சாட்ஸ்வர்த்தின் வேகத்தடைகள்
ஒன்றுகூடக் கிடையாது.

நூற்றிருபதில் காற்று வந்து நெஞ்சைத் தாங்கும்.
கை லேசாகும்,
கழுத்து தன்பாட்டில் நிற்கும்,
இத்தனை சொகுசான நாற்காலி
உலகத்தில் இல்லை என்று தோன்றும்.
எண்பதுக்குக் கீழே
காற்று தன் பங்கை எடுத்துக்கொண்டு போய்விடும்.
பிறகு என் எழுபத்தெட்டுக் கிலோவில் பாதி
இரண்டு மணிக்கட்டில்.

அதனால் எனக்குச் சிவப்பு விளக்கு பிடிக்கும்.
எல்லாரும் எரிச்சலில் ஹாரன் அடிக்க
நான் நிமிர்ந்து உட்காருவேன்.
இடது கையை உதறுவேன்.
சுண்டுவிரலுக்குத்தான் கடைசியில் உயிர் வரும்.
பக்கத்துப் பக்கி வண்டியில்
பின்னால் உட்கார்ந்து வேலைக்குப் போகிறவர்கள்
தங்களுக்குத்தான் கையசைக்கிறேன் என்று
திரும்ப அசைப்பார்கள்.
நான்கு வருடத்தில் அப்படியே பழகிவிட்டோம்.

தேசேனி ஒரே ஒரு தடவை ஏறினாள்.
பின்சீட்டு என்று இவர்கள் சொல்வது
தோசைத்திருப்பி அகலம்.
உம்ஷ்லாங்கா வரைக்கும், பிரேக் பிடிக்கும்போதெல்லாம்
அவள் ஹெல்மெட் என் ஹெல்மெட்டில் டொக்.
இறங்கி, முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டு,
கடலைப் பார்த்துச் சொன்னாள்:
"குபாஷன், கோழியைக்கூட
இதைவிட மரியாதையாகக் கட்டி எடுத்துப்போவார்கள்."
திரும்பும்போது டாக்சி பிடித்தாள்.
அதன் பின்னாலேயே வந்தேன், நாற்பதில்.

கையால் பிடிக்காதே, தொடையால் டாங்கைப் பிடி,
முழங்கையைத் தளர்த்து,
கைப்பிடியைத் தொட்டால் போதும்
என்றான் பிரகலன்.
சரிதான். செய்து பார்த்தேன்.
இருபது நிமிஷம் நன்றாக இருக்கும்.
மொபெனி கிடங்கில் எட்டு மணி நேரம்
பெயின்ட் டின் அடுக்கிவிட்டு வருகிற தொடைக்கு
அதற்குமேல் எதையும் பிடிக்கத் தெம்பில்லை.

கடைசியில், மழை பெய்த ஒரு ஞாயிறு,
இரண்டு அங்குலம் உயர்ந்த கைப்பிடி
பார்சலில் வந்தது.
மாட்டினால் பிரேக் குழாய் நீளம் போதவில்லை.
திருப்பினால் கட்டைவிரல் டாங்கில் நசுங்குகிறது.
வேறு குழாய், வேறு கேபிள்,
நகத்தடியில் ரத்தம்,
அடுத்த ஞாயிறும் போயிற்று.
பிரகலன் வந்து பார்த்து,
ஆன்ட்டி ஸ்கூட்டர் ஆக்கிவிட்டாயே என்றான்.

திங்கள் காலை. அதே ஆறு நாற்பது.
இத்தனை நாள் ஸ்பீடாமீட்டரும்
அடுத்த பத்து மீட்டர் தாரும்தான் என் ஊர்.
இப்போது, நெடுகப் பார்த்த அதே மதிலுக்கு மேலே
ஒரு நீச்சல்குளம் தெரிந்தது.
கழுத்தில் டை கட்டிய ஒருவர்
பேன்ட்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு
வலையால் இலை அள்ளிக்கொண்டிருந்தார்.
ஒவ்வொரு இலையையும்
உதறி, பார்த்து, பிறகு வாளியில்.
பச்சை விழுந்தும் நான் கிளம்பவில்லை.
ஹாரன் இந்த முறை எனக்கு.

பழைய கைப்பிடிகளைத் தூக்கிப்போடவில்லை.
டி-ஷர்ட்டில் சுற்றி
ஸ்பானர் டிராயரில் வைத்திருக்கிறேன்.
சில இரவு எடுத்து, சும்மா பிடித்துப் பார்ப்பேன்.
மணிக்கட்டுக்கு அந்தக் கோணம் மறக்கவில்லை,
உடனே வலிக்கத் தொடங்குகிறது,
உடனே எம்4 சாலை காலியாகத் தெரிகிறது.

தேசேனி இன்னும் டாக்சியில்தான் வருகிறாள்.
பின்சீட்டுக்கு இரண்டு அங்குலம்
எந்தக் கடையிலும் இல்லை.