இரண்டு புள்ளி சுழியம் ஏழு

பெயர்: லோஷினி த/பெ குப்புராஜ்.
தாதியர் பதிவு எண், சரி.
பணியனுபவம் நான்கு ஆண்டு, ஏழு மாதம்.
அடுத்த கட்டத்தில் விரல் நிற்கிறது.
டிப்ளோமா சராசரி, நான்குக்கு:
இரண்டு புள்ளி சுழியம் ஏழு.

மூன்றாவது முறையாக அடிக்கிறேன் இதை.
காலணியின் அடி தேய்ந்து மாற்றியாயிற்று,
உட்லண்ட்ஸில் அறை வாடகை இரண்டு தடவை ஏறிவிட்டது,
இது மட்டும் அசைவதில்லை.
காய்ச்சலாக இருந்தால்
இந்நேரம் இறங்கியிருக்கும்.

காரணம் கேட்பார்கள்.
வீட்டில் யாருக்கும் உடம்பு சரியில்லையா,
இரவு வேலைக்குப் போனாயா என்று
அவர்களே எடுத்தும் கொடுப்பார்கள்.
முதல் நேர்முகத்தில் தலையாட்டிவிட்டேன்.
ரயிலில் திரும்பும்போது கூசியது:
அப்பா அன்றைக்கும் திடமாகப் பேருந்து ஓட்டிக்கொண்டிருந்தார்,
மத்தியானத்துக்கு நெத்திலி சம்பல் வைத்திருந்தாள் அம்மா.

உண்மை அவ்வளவு பெரிதில்லை.
மருந்தியல் வகுப்பு காலை எட்டுக்கு.
நான் எழுந்ததே பத்துக்கு.
பையன் ஒருவனும் உண்டு,
அவன்மேல் பழியில்லை, அவன் தேறிவிட்டான்.
உடற்கூறியல் தாளில்
இதயத்தின் அறைகளில் மூன்றை எழுதினேன்,
நான்காவது ஞாபகம் வரவில்லை.

நேற்றுப் பின்னிரவு, மூன்று மணி.
ஆங் அங்கிள் விழித்துக்கொண்டு
"ஜியா பா புவே?" என்று என்னைக் கேட்டார்.
சாப்பிட்டேன் என்றேன். சாப்பிடவில்லை.
பட்டம் வாங்கி வந்து மூன்று வாரமான ஷு வென்
அவருடைய இன்சுலின் பம்பில் வேகத்தைப் பதித்து
இரட்டைச் சரிபார்ப்புக்கு அழைத்தாள்.
ஆணையில் இரண்டு.
திரையில் இருபது.
நடுவில் இருந்திருக்க வேண்டிய ஒரு புள்ளி
எங்கேயோ விழுந்துவிட்டிருந்தது.

"புள்ளி" என்று தமிழில்தான் வாயில் வந்தது.
அவளுக்குப் புரிந்தது.
பம்பு இன்னும் ஓடத் தொடங்கவில்லை.
திருத்தினோம், இருவரும் கையெழுத்திட்டோம்,
அங்கிள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார்.

மருந்தறையில் அழுதவளுக்கு
மைலோ கலக்கிக் கொடுத்தேன்.
நானும் ஒருமுறை இப்படி, என்றேன்.
என் சராசரியைச் சொல்லவில்லை.
சொன்னால் ஆறுதலாக இருந்திருக்குமோ
இன்னும் பயந்திருப்பாளோ.

தொடக்கப்பள்ளியில் நான் சிறப்பாகத் தேறிய ஒரே பாடம் தமிழ்.
ககரத்தின் தலையில் புள்ளி வைத்தால்
உயிர் போய்விடும்,
மெய் மிஞ்சும்.
மெய் என்றால் உடம்பு.
புரட்டிப் படுக்கவைப்பது, துடைப்பது,
முதுகில் புண் வராமல் பார்ப்பது,
இதெல்லாம் மெய்யோடு செய்கிற வேலை.
மெய் என்றால் இன்னொன்றும் உண்டு.
அதைத்தான் நேர்முகத்தில் விட்டுவிட்டு வந்தேன்.

காலை ஏழு நாற்பது.
காப்பிக் கடையில் தே-ஓ ஆறுகிறது,
கைப்பேசியில் பதினெட்டு விழுக்காடு மின்சாரம்.
'முந்நூறு சொற்களுக்குள் உங்களைப் பற்றி.'

இரண்டாம் ஆண்டு முழுக்கத் தூங்கினேன்
என்று எழுதினேன், ஆங்கிலத்தில்.
இப்போது மற்றவர்கள் தூங்க விழித்திருக்கிறேன்
என்று அடுத்த வரி தானாக வந்தது.
ரொம்ப அழகாக இருந்தது.
அழித்துவிட்டேன்.

மீதி ஆறு சொல்.
இன்னும் இருநூற்றுத் தொண்ணூற்று நான்கு
எழுத இடமிருக்கிறது.
எதிர் மேசையை ஆண்ட்டி துடைக்கிறாள்.
அடுத்தது என் மேசை.
கையைத் தூக்கிக்கொள்கிறேன்.