ஃபேக்ஸ் எண்

வால்பரைசோவில் வீடுகள்
தெருவில் இல்லை, படிகளில் இருக்கின்றன.
பச்சைக் கதவு, நூற்றுப் பதினொரு படி, கடிக்கிற நாய்:
எங்கள் எரிவாயுக் கடையில் இதுதான் முகவரி.
பதினைந்து கிலோ உருளையைத் தோளில் ஏற்றும்
பால்தோமெரோவுக்குத் தெருப்பெயர் எதற்கு?

நோட்டுகள் நாற்பதைத் தாண்டிய வருடம்
முதலாளி ஓரியானா சொன்னாள், மென்பொருள் வாங்குவோம்.

சாந்தியாகோவிலிருந்து ஒருவன் வந்தான்,
மடிப்புக் கலையாத சட்டையோடு.
மாதச் சந்தா. திங்கட்கிழமையே தொடங்கலாம்.
எண்ணூறு கம்பெனிகள் இதைத்தான் வைத்திருக்கின்றன.
திரையில் தேடினேன்:
வண்டி எண் உண்டு, பின்கோடு உண்டு,
ஃபேக்ஸ் எண்கூட உண்டு.
படிக்கு இடமில்லை.
"வண்டி வாசல்வரை போகும்தானே?" என்றான்.
பால்தோமெரோ சிரித்ததில்
மேசைமேல் தேநீர் தளும்பியது.

அப்புறம் லௌத்தாரோ. தனியாள்.
பேசுவதற்கு முன் இரண்டு நாள் எங்களோடு படியேறினான்.
மூன்றாம் நாள் வீங்கிய முழங்காலோடு உட்கார்ந்து
தாளில் வரைந்தான்:
படிக்கு ஒரு கட்டம், நாய்க்கு ஒரு கட்டம்,
மழையில் வழுக்கும் பாதைக்கு மாற்று வழி,
கடன் சொல்லும் வீட்டுக்குச் சின்னதாய் ஒரு சிவப்புப் புள்ளி.
ஏழு மாதம் ஆகும் என்றான்.
அவன் கேட்ட தொகைக்கு ஒரு லாரி வரும்.
"பாதியில் நீ கனடா போய்விட்டால்?"
ஓரியானா கேட்டாள்.
போகமாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.
யோசித்துவிட்டு, தெரியவில்லை என்றான்.
அந்த ஒரு சொல்லில் அவனை விட்டோம்.

கணக்கெழுதுகிறவள் நான்.
செருப்புக்குத் தக்கபடி காலை வெட்டுவதா என்று
கேட்க வாய் திறந்தேன்.
சந்தாத் தொகையைப் பார்த்து
மூடிக்கொண்டேன்.

லாரி வாங்கினோம். சந்தாவும் கட்டினோம்.
படிகளை ஃபேக்ஸ் எண் கட்டத்தில் எழுதினேன்.
64. 208. 37.
முன்னால் பூஜ்யம் இருந்தால் நாய்.
என் கெட்டிக்காரத்தனத்தை எண்ணி
இரண்டொரு நாள் தூக்கம்கூட நன்றாக வந்தது.

ஒன்றரை வருடம் ஓடியது.
ஆகஸ்டில், மழை பெய்த ஓர் இரவில்,
மென்பொருள் தன்னைத்தானே புதுப்பித்துக்கொண்டது.
விடிந்தபோது திரையின் ஓரத்தில் ஒரு வரி:
பயன்பாட்டில் இல்லாத கட்டங்கள் நீக்கப்பட்டன.

இரண்டாயிரத்து முந்நூறு வீடுகள்
ஒரே இரவில் சமதரைக்கு இறங்கிவிட்டன.

சாந்தியாகோவைக் கூப்பிட்டேன்.
ஒரு பெண்குரல் மரியாதையாகக் கேட்டது,
"இன்னும் ஃபேக்ஸா அனுப்புகிறீர்கள்?"

பால்தோமெரோவுக்கு எல்லா வீடும் மனப்பாடம்.
ஆனால் அவன் அன்று பல் பிடுங்கப் போயிருந்தான்.
வேலைக்குச் சேர்ந்து ஒன்பது நாளான எலியேசர்
உருளைகளோடு குன்றின் அடியில் நின்று
மேலே பார்த்துக்கொண்டிருந்தான்.

பழைய எண்ணை எடுத்து லௌத்தாரோவை அழைத்தேன்.
கனடாவில் இப்போது என்ன நேரமோ என்ற தயக்கத்தோடு.

எதிர்க் குன்றில் இருந்தான்.
தொண்ணூற்றிரண்டு படி, நாய் இல்லை.
எங்கேயும் போகவில்லையாம்.
"எத்தனை வீடு போயிற்று?" என்று மட்டும் கேட்டான்,
பேனா தேடும் சத்தம் கேட்டது.

ஜன்னல் வழியே லாரி தெரிந்தது.
நல்ல லாரி. இன்னும் தவணை முடியவில்லை.
இதுவரை ஒரு படியும் ஏறியதில்லை.