பத்தொன்பது

புந்தா அரேனாஸில் காற்று ஆளைத் தூக்கிவிடும்.
அதனால் தெருமுனைகளில்
கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.
இறைச்சிக்கடைக்காரன் நூற்றுப்பத்து கிலோ.
அவனும் பிடித்துக்கொண்டுதான் சாலையைக் கடக்கிறான்,
வெட்கப்பட்டு நான் பார்த்ததில்லை.
டாக்டர் பாரியென்தோஸ் மட்டும்
கோட்டுப் பைக்குள் கைவிட்டபடி நடப்பார்.

அவருடைய மேசையில் ஆறு வருஷம்
என் பெயர் கத்தரி.
சில நாள் கிளாம்ப்.
நான் நயாதெத் ஒயார்சோ,
கருவி நீட்டுபவள், பஞ்சுத்துணி எண்ணுபவள்.

ஒரு மார்ச் மாதம், இரவுப்பணியின் கடைசி மணியில்
இருபது துணி உள்ளே போனது.
பத்தொன்பது வெளியே வந்தது.
எண் என் நாக்கு நுனிவரை வந்து நின்றது.
அவர் ஊசி கேட்டார்.
கொடுத்தேன்.

ஏழு வாரம் கழித்து அந்த மீனவர் திரும்பி வந்தார்,
காய்ச்சலோடு,
வயிற்றுக்குள் என் மௌனத்தோடு.
பிழைத்துக்கொண்டார். கொஞ்சம் சாய்ந்து நடக்கிறார்.
சந்தையில் என்னைக் கண்டால்
காசு வாங்காமல் ஒரு ராஜநண்டு தருகிறார்,
ஆஸ்பத்திரியில் நன்றாகப் பார்த்துக்கொண்டேனாம்.
நான் வாங்கிக்கொள்கிறேன்.

அதன்பிறகுதான் விமானி ஒருவரை வரவழைத்தார்கள்.
ஹெர்னான் வுக்காசோவிச்,
தெற்குத் தீவுகளுக்குச் சின்ன விமானம் ஓட்டியவர்.
மூடுபனியில் மலையை நோக்கிப் போன ஒரு காலையை
உப்புக்குப்பியை நகர்த்தி நகர்த்திக் காட்டினார்.
உயரம் தவறென்று துணைவிமானிக்குத் தெரியும்.
"இருமினான். அவ்வளவுதான். கேப்டன் நான் அல்லவா."
தரையிறங்கிய பிறகு பார்த்தார்களாம்,
சக்கரத்தில் லெங்கா மரக்கிளை, இலைகளோடு.

பாரியென்தோஸ் கடிகாரத்தைப் பார்த்தார்.
"என் நோயாளிக்கு இறக்கை கிடையாது."
"வாஸ்தவம்," என்றார் வுக்காசோவிச்.
"நான் மோதினால் நானும் சாவேன்.
உங்களுக்கு அந்த வசதி இல்லை."

அன்றிலிருந்து கத்தி எடுக்குமுன்
எல்லோரும் பெயர் சொல்லவேண்டும்.
"எலிசேயோ" என்று அவர் முனகியது
கடன்பத்திரத்தில் கையெழுத்துப் போடுவதுபோல் இருந்தது.
தையல் தொடங்கினால் ரேடியோ நிற்கும்.
பத்தாயிரம் அடிக்குக் கீழே
விமானி அறையில் வீண்பேச்சு கிடையாதாம்.
மயக்கமருந்து கொடுக்கும் மகாலி
கால்பந்து ஸ்கோர் தெரியாமல் தவித்தாள்.
இன்னொன்று, எல்லோருக்கும் பொதுவாக ஒரு வாக்கியம்:
எனக்குக் கவலையாக இருக்கிறது, நிறுத்துங்கள்.
குளியலறைக் கண்ணாடிமுன் சொல்லிப் பார்த்தேன்.
"நிறுத்துங்கள்" ஒவ்வொரு முறையும்
கேள்வியாகவே முடிந்தது.

ஆகஸ்ட். ஜன்னல்கள் அதிர்ந்தன.
இருபது போனது.
பத்தொன்பது.
மறுபடி எண்ணினேன், பத்தொன்பது.
அவர் கை ஊசிக்காக நீண்டது.
"டாக்டர்…"
போதாது. அதுவும் இருமல் ஜாதிதான்.
"எலிசேயோ, எனக்குக் கவலையாக இருக்கிறது. நிறுத்துங்கள்."

கை அந்தரத்தில் நின்றது.

பதினோரு நிமிடம் தேடினோம்.
குடல் மடிப்புகளில் அவர் விரல்கள்,
வாளியில் என் விரல்கள்,
எக்ஸ்ரே வண்டி கதவில் முட்டிக்கொண்டு வந்தது.
மகாலிதான் கண்டாள்.
இருபதாவது துணி
என் செருப்பின் அடியில் ஒட்டியிருந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம்.
ஒரு மனிதனின் வயிறு பதினோரு நிமிடம்
என் செருப்புக்காகத் திறந்து கிடந்தது.
காது சுடக் காத்திருந்தேன்.
"இருபது," என்றார் அவர். "நன்றி, நயாதெத்."
பிறகு, "ஊசி."

மாலையில் அவர் கயிற்றைப் பிடித்து நடந்தாரா
என்று கேட்பீர்கள்.
இல்லை. அதே கோட்டு, அதே பை, அதே கை.
நான்தான் பிடித்துக்கொண்டு
சந்தைவரை போனேன்.
மீனவர் நண்டை நீட்டினார்.
வாங்கவில்லை.
உங்களிடம் ஒன்று சொல்லவேண்டும் என்றேன்.
காற்றில் அவருக்குக் கேட்கவில்லை.
இன்னும் பக்கத்தில் போய்,
என் பெயரிலிருந்து ஆரம்பித்தேன்.