ஐந்து ரோட்டில் ஒன்பது பேர்

வருவதாகப் பதிந்தவர்கள் நாற்பத்தியொரு பேர்.
நாற்காலிகளும் அத்தனை போட்டிருந்தார் மண்டபக்காரர்.
சனிக்கிழமை, ஐந்தரை மணி, ஐந்து ரோடு.
கீழே செருப்புக் கடை,
மேலே நாங்கள் ஒன்பது பேர்.

இருபத்திரண்டு சதவீதம் என்று
யாரும் கேட்காமலே மூன்று பேர் சொன்னோம்,
ஒரே நேரத்தில்.
அறிமுகம் அதிலேயே முடிந்துவிட்டது.

பிறகு பத்தாவதாக ஒருவர் வந்தார்.
நெற்றியில் விபூதி, கக்கத்தில் ரெக்சின் பை.
சுவரில் ஏறி இறங்கிய நீலக் கோட்டைப் பார்த்தார்,
எங்களைப் பார்த்தார்.
"இன்சூரன்ஸ் கூட்டம் இது இல்லைங்களா?"
படியிறங்கிப் போனார்.
ஏழு நொடி.
"பவுன்ஸ்" என்றான் பூபதிராஜா.

அவன் எண்ணுவது ஜவ்வரிசி மண்டிக்கு.
யுவஸ்ரீ கண் மருத்துவமனைக்கு:
படிவத்தில் வயது கேட்கும் கட்டம் வந்ததும்
பாதிப் பேர் கழன்றுவிடுகிறார்களாம்.
நான் வரன் பார்க்கும் தளம் ஒன்றுக்கு.
எந்தப் புகைப்படத்தின் மேல் விரல் தயங்குகிறது,
எந்த ஜாதகத்தை மூன்றாம் முறை திறக்கிறார்கள்,
எல்லாம் தெரியும்.
யார் என்பது மட்டும் தெரியாது.
தெரியக் கூடாது என்று கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

எண்ணுவது என்றால் தமிழில் இரண்டு வேலை.
முதலாளிகள் ஒன்றுக்குத்தான் சம்பளம் தருகிறார்கள்.

ஆறு மணிக்கு அஃப்ரோஸ் பானு பேசினாள்.
பனங்காட்டு வெள்ளிக் கொலுசுக் கடையின் கணக்கு அவளுடையது.
எட்டு மாதமாக, ஒரே போன்,
ராத்திரி இரண்டு பத்துக்கு வருகிறது.
ஊர்: தெரியவில்லை.
வந்த வழி: தெரியவில்லை.
ஆறு அங்குலக் குழந்தைக் கொலுசு,
மூன்றாவது படம், பெரிதாக்கி,
நான்கு நிமிடம்.
கூடையில் போடுவதில்லை. போய்விடுகிறது.

"பாட்" என்றான் பூபதிராஜா.
"பாட் பெரிதாக்கிப் பார்க்குமா?"
"எதிர்க்கடைக்காரன் விலை பார்க்கிறான்."
"எட்டு மாசமா விலை மாறவே இல்லையே."
"நைட் ஷிப்ட் நர்ஸ்" என்றாள் யுவஸ்ரீ,
அதற்கு மேல் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அறிக்கையிலிருந்து வடிகட்டிவிட்டாளாம்.
"ஆனா ரெண்டு பத்துக்கு
எனக்கு முழிப்பு வந்துடுது" என்று
அடுத்த படத்துக்குப் போனாள்.

மின்சாரமும் போனது.
மொட்டை மாடிக்கு வந்தோம்.
நாற்பது பேருக்குச் சொல்லி வைத்த தட்டுவடை செட்,
ஆளுக்கு நாலு, பீட்ரூட் துருவல் விரலெல்லாம்.
தூரத்தில் ஏற்காட்டுச் சாலையில்
ஏதோ வண்டியின் விளக்கு ஒரு வளைவில் தெரிந்து
மறைந்து, மேலே இன்னொன்றில் தெரிந்தது.
அதே வண்டிதானா என்று
கொஞ்ச நேரம் சண்டை போட்டோம்.

ரெக்சின் பைக்காரர் திரும்பி வந்திருந்தார்.
அவர் கூட்டம் அடுத்த சனிக்கிழமையாம்.
ஒரு செட்டை வாயில் போட்டுக்கொண்டு
"நீங்கல்லாம் என்னங்க பண்றீங்க?"
யுவஸ்ரீ விளக்கினாள்.
"அட, நாங்களும் அதாங்க.
கதவு தொறக்குறதையும் சாத்துறதையும் எண்ணிக்கிட்டு
வீடு வீடா போறது."
பை இடுக்கி எழுந்தார். "அப்ப வர்றேங்க."

எங்கள் கருவியில் அது வெளியேற்றம்.
சிவப்பில் விழும்.
இந்த ஊரில் ஒருவரும்
'போகிறேன்' என்று சொல்லிப் போவதில்லை.
ஒன்பது பேரும் 'வர்றேன்' என்றுதான் படியிறங்கினோம்;
அடுத்த மாதம் எத்தனை பேர் என்று
எனக்கு உத்தேசமாகத் தெரியும்.

அன்றிரவு தூக்கம் வரவில்லை.
இரண்டு பத்துக்கு அந்தப் பக்கத்தைத் திறந்தேன்.
மூன்றாவது படம். பெரிதாக்கினேன்.
கொக்கி பக்கத்தில் ஒற்றை முத்து,
உள்ளே அரிசி அளவு சலங்கை.
நான்கு நிமிடம் ரொம்ப நீளம்.

காலையில் குழுவில் அஃப்ரோஸ்:
"ராத்திரி ரெண்டு பத்துக்கு ஆறு பேர்.
யார் யாரு?"

யாரும் ஒத்துக்கொள்ளவில்லை.
அந்த ஆறில் அந்த ஒருவர் உண்டா என்று
இனி எந்த வடிகட்டியாலும் பிரிக்க முடியாது.