மஞ்சள் கட்டம்

போன வருடம் வரை நான்கு இடங்கள் இருந்தன.
இந்த மே மாதத்திலிருந்து ஒன்றே ஒன்று:
கழிப்பறைச் சுவருக்குப் பின்னால்
மூன்று எட்டு நீளம், இரண்டு எட்டு அகலம்,
தரையில் மஞ்சள் பெயிண்ட்.
அதற்குள் நின்று புகைத்தால் வாடிக்கையாளர்.
ஒரு கால் வெளியே வந்தால் என் வேலை.

பென்சில்வேனியாவின் இந்த மலையடிவாரத்தில்
கோடை என்பது பத்தே வாரம்.
பத்து வாரமும் மோப்பம் பிடித்துத் திரிகிறேன்,
ஒரு கையில் துடைப்பம், மறு கையில் நீள்பிடிக் குப்பைத் தட்டு,
தோளில் வாக்கிடாக்கி.
பெயர்ப்பட்டையில் லோரெட்டா.
முதுகுக்குப் பின்னால் வேறு பெயர்கள் உண்டு.

எல்லா வித்தையும் பார்த்தாகிவிட்டது.
நெருப்பை உள்ளங்கைக்குள் பொத்தி
ராட்டினக் குதிரைக்குப் பின்னால் குனிபவர்.
பலகையின் நிழலிலேயே நின்றுகொண்டு
"பலகையைப் பார்க்கலையே" என்பவர்.
மாம்பழ வாசனை ஆவியை ஊதிவிட்டு
வானத்தை ஆராயும் கல்லூரிப் பையன்;
தள்ளுவண்டிக் குழந்தை ஒன்று
மாம்பழம் எங்கே என்று அம்மாவைக் குடைகிறது.

முதல் முறை, புன்னகையோடு சொல்ல வேண்டும்.
இரண்டாம் முறை, பெயரை எழுத வேண்டும்.
மூன்றாம் முறை வாசல். பணம் திரும்பாது.

ஆகஸ்ட் சனிக்கிழமை, மூன்று மணி வெயில்.
மர ரோலர்கோஸ்டரின் அடியில்
ஓர் ஆள் பற்றவைத்தார். சொன்னேன். அணைத்தார்.
பத்து நிமிடத்தில் மறுபடி.
பெயர் கேட்டேன். வெர்ன் ஒஸ்ட்ரோஸ்கி.
எழுத்தெழுத்தாகச் சொன்னவர்
கேட்காமலே மற்றதையும் சொன்னார்:
கழுத்தெலும்பில் இரண்டு திருகாணி, அதனால் ஏறக்கூடாது.
மகள் டெல்ஃபின் போன வருடம்
அளவுகோலுக்கு இரண்டு விரல் குறைவு.
இன்று தனியாக. பச்சைச் சட்டை. நான்காவது பெட்டி.

அப்போதுதான் நின்றது.
சங்கிலியின் கடகடப்பு சட்டென்று அறுந்து
உச்சிக்குச் சற்று முன்னால்
வண்டி அப்படியே தொங்கியது.
பயப்பட ஒன்றுமில்லை, மாதத்துக்கு இருமுறை நடப்பதுதான்.
அதைச் சொல்ல நான் வாயெடுப்பதற்குள்
மூன்றாவது சிகரெட் அவர் உதட்டில்.

வாசல் என்கிறது விதி.
பொத்தானின் மேல் என் கட்டைவிரல்.
அழுத்தினால் இருவர் வருவார்கள்,
மரியாதையாகத்தான் கூட்டிப்போவார்கள்.
இறங்கி வரும் பிள்ளை யாரைத் தேடும்?

"கட்டத்துக்குப் போங்க."
"அங்கேருந்து தெரியாதே."
"தெரியாது. நான் பார்க்கிறேன். போங்க."

அவர் சுவருக்குப் பின்னால்.
நான் சுவரின் முனையில், கழுத்தை ஒடித்து
பந்தய வர்ணனைபோல்:
உட்கார்ந்திருக்கிறாள்.
இன்னும் உட்கார்ந்திருக்கிறாள்.
பக்கத்துப் பையனிடம் ஏதோ பேசுகிறாள்.
கையாட்டுகிறாள், உங்களுக்கு இல்லை, ஒரு பருந்துக்கு.
செருப்பு விழுந்துவிட்டது.
"எந்தக் கால்?" என்றார் சுவருக்கு அப்பாலிருந்து.
எதற்கென்று புரியாமலே உற்றுப் பார்த்துச் சொன்னேன்:
இடது.

பதினோரு நிமிடம் அந்தச் சுவருக்கு மேலே
நூல் நூலாகப் புகை எழுந்தது.
எத்தனை என்று நான் எண்ணவில்லை.
எண்ணுவதுதான் என் வேலை.

சங்கிலி மறுபடி கடித்தது.
அலறல்கள் வளைவெல்லாம் சுற்றிவிட்டு வந்து சேர்ந்தன.

ஒற்றைச் செருப்போடு நொண்டி வந்தவள்
அப்பாவைக் கட்டிக்கொண்டாள், முகர்ந்தாள், விலகினாள்.
"ஈஸ்டரோடு விட்டாச்சுன்னு சொன்னீங்களே."
அவர் என்னைப் பார்த்தார்.
அவர் பெயர் எழுதிய தாள் என் பையில்,
அவர் துண்டுகள் என் தட்டில், ஒன்றில் இன்னும் சூடு.

"என்னோடது" என்றேன்.
"அவர் பக்கத்துல நின்னார், அவ்வளவுதான்."
ஐம்பத்தெட்டு வருடத்தில் ஒருமுறைகூடப்
புகைத்தறியாத வாய் அது.

டெல்ஃபின் என் கால்களைப் பார்த்தாள்.
பிறகு பெயிண்ட்டை.
"அப்போ நீங்க கோட்டுக்கு வெளியே நிக்கிறீங்க."

உண்மைதான்.
ஓர் எட்டு உள்ளே எடுத்து வைத்தேன்.