இரண்டெழுத்து

ஜெலுத்தோங், டயாலிசிஸ் மையம்.
செவ்வாய், வியாழன், சனி. நாலு மணி நேரம்.
இடக்கை இயந்திரத்துக்கு,
வலக்கை ஸ்கிராபிளுக்கு.

மேடம் ஊயிடம் கியூ மாட்டிக்கொண்டால்
"யூ இல்லையே" என்று சந்தோஷப்படுவேன்.
"யூ எதற்கு?" பக்கத்தில் ஐ வைப்பார்.
உடம்புக்குள் ஓடும் உயிர்மூச்சு.
"எங்கப்பா ஹொக்கியனில் சும்மா சொன்னது,
இங்கே பதினொரு புள்ளி."

எனக்கு வருவதெல்லாம் சில்லறை.
டி, ஏ வைத்தேன்.
அகராதியில் அது நன்றி,
என் வாயில் அது தா.
பி, ஓ வைத்தேன்.
எனக்குப் போ.
அவர்களுக்கு மூத்திரச் சட்டி.

மூத்திரமே நின்றுபோன இரண்டு பேர்
சிரித்த சிரிப்பில் குழாய் மடங்கி
இயந்திரம் அலறியது.
நர்ஸ் ஃபௌசியா
எழுத்துகளைப் பிடுங்கிப் பையில் போட்டாள்.

ஒரு புதன் நள்ளிரவு அழைத்தார்கள்:
யாரோ விட்டுப்போன சிறுநீரகம்,
அவருக்குப் பொருந்தியது.
இப்போது அந்த நாற்காலியில்
பேட்மிண்டன் பார்க்கும் ஒருவர்.

சனிக்கிழமை, கோலாலம்பூரிலிருந்து
கைப்பேசியில் இரண்டே எழுத்து: பி, ஓ.
கீழே, நாலு புள்ளி என்றும் போட்டிருந்தார்.

வலக்கையால் டி, ஏ என்று அடித்தேன்.
எந்த மொழியில் என்று
நானும் முடிவு செய்யவில்லை.